இருபத்து மூன்றாவது ஆடு

பழைய சைக்கிள் சக்கரத்தின் விளிம்பு.
கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டேன்.
கண்ணை மூடி, தோளுக்குப் பின்னால் வீசுவேன்.
விழுந்த இடத்தில் மண்டியிட்டு
வட்டத்துக்குள் இருப்பதை எண்ணுவேன்.
என் வேலை அவ்வளவுதான்.
மேய்ச்சல் சங்கம் அதற்கு ஒரு நோட்டும்
மழையை உள்ளே விடும் ஒரு கோட்டும் தந்திருக்கிறது.

லெசோத்தோவின் இந்த உயரத்தில் மரம் கிடையாது.
வந்து பார்ப்பவர்கள்
“ஒன்றுமே இல்லையே” என்கிறார்கள்.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருடம் வட்டத்துக்குள்
செபோகு புல் மூன்று தூர்.
ஆடு முகர்ந்துவிட்டு நகரும் செஹலஹலாப் புதர் ஏழு.
மீதி வெறும் மண்,
அதிலும் ஓர் எலி வளை.
தலைவி மாகொட்சோ சரிவைச் சுற்றிக் கல் குவித்தார்.
கோடை முழுக்க யாரும் உள்ளே விடக்கூடாது,
உறைபனி விழுந்தபின் திறக்கலாம்.
லெபொயெல்லா என்போம் அதை.
புல் மூச்சு வாங்குகிற நேரம் என்று
நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஒரேயடியாக மூடி வைத்தாலும் ஆகாது.
கடிபடாத புல் தன் வைக்கோலிலேயே மூச்சுமுட்டிச் சாகும்.
எத்தனை வாய் என்று கேட்டால் போதாது,
எந்த மாதத்து வாய் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாம் வருடம்
சரிவின் கீழே ஈரம் கசிந்தது.
கசிவு ஓடையாகி, ஓடை அணைக்குப் போய்,
மலையைக் குடைந்த குழாய்வழியே எல்லை தாண்டி
ஏதோ ஒரு நகரத்தில்
யாரோ பல் துலக்குகிறார்கள்.
செபோகுவின் பெயர் அவர்களுக்குத் தெரியாது.
தெரியவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.
கோட்டு மட்டும் ஒன்று நல்லதாய் அனுப்பலாம்.

நான்காம் வருடம், பிப்ரவரி.
ஆலங்கட்டி பெய்த இரவு.
மேய்க்கிற மோஹாபி காய்ச்சலில் கிடந்தான்.
விடிந்தபோது
ராமாட்லா ஒரு மந்தையைக் கல்பட்டிக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.
காதுகளில் என் வெட்டு.
“செபாபாட்சோ, நோட்டை எடு.
மூடிய சரிவில் இருபத்திரண்டு.”

போன குளிர்காலம் அவருடைய பதினாறுக்கு
அபராதம் எழுதிய அதே நோட்டு.
வேலியே பயிரை மேய்ந்ததென்று
ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.
தலைக்குப் பத்து மலோட்டி.
கம்பளி விற்ற பணம் இன்னும் வந்து சேரவில்லை.

இருபத்திரண்டு என்று எழுதவில்லை.
“இருங்கள்” என்றேன். சரிவேறினேன்.

எனக்குத் தெரியும், நொண்டிக்காலி எப்போதும் பிந்துவாள்.
தேடினேன். காணோம்.
முன்பு இங்கே ஒரு எலி ஒளிய இடமில்லை.
இப்போது முழு ஆட்டை
புல் விழுங்கி வைத்திருந்தது.
இரண்டு காது மட்டும் வெளியே.
அசைபோடும் சத்தம்.
என் மூன்று வருடக் கணக்கு
பச்சையாய் அவள் உதட்டோரம் ஒழுகியது.

அங்கேயே விட்டுவிட்டு இறங்கலாம்.
பொழுது சாய்ந்தபின் வந்து கூட்டிப்போகலாம்.
பத்து மலோட்டிக்கு ஒரு வாரச் சோளமாவு.
இப்படி யோசித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ,
கை தன் பழக்கத்தில் விளிம்பை வீசிவிட்டது.
மண்டியிட்டேன்.
செபோகு பதினொன்று.
நான்கு, அடிவரை கடிபட்டவை.
கதிர் விரிந்து விதை முற்றவேண்டிய மாதம்.

நொண்டிக்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
கனம். என்ன தின்றாளோ.
‘இருபத்து மூன்று’ என்று எழுதினேன்,
எழுத்திலும் ஒருமுறை, எண்ணிலும் ஒருமுறை.
ராமாட்லா மூக்கைச் சிந்திக்கொண்டு
பட்டிக் கதவின் கயிற்றை,
தேவையே இல்லாமல், மறுபடி கட்டினார்.

ஜூனில் சரிவைத் திறந்தோம்.
முதலில் அவருடைய சினை ஆடுகள்,
அப்புறம் மற்றவர்களுடையவை,
கடைசியாக என்னுடையவை. சங்கத்தின் தண்டனை.
மேலே ஏறுவதற்குள் நல்ல புல் பாதி போயிருந்தது.
மீதி, வேருக்கு.

அபராதத்தில் எண்பது மலோட்டி பாக்கி.
நோட்டில் என் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் நிற்கிறது.
வசூலிக்க வேண்டியவளும் நான்தான்,
தினமும் என்னைக் கண்டால்
நானே ஒதுங்கிப் போகிறேன்.