முப்பத்தொரு பைட்

மாரி மழை. களுவாஞ்சிகுடியில் அச்சகத்தின் பின்னறை.
மூன்று பெட்டிகள், ஒரே போல்டர்:
ஷிப்னாஸின் மேக்,
யோகசீலியின் பழைய விண்டோஸ்,
மேசைக்குக் கீழே தூசு தின்னும் என் லினக்ஸ்.
மூன்றுக்கும் காவலாய் நான் எழுதிய சின்ன நிரல்
இரவெல்லாம் விழித்திருக்கும்.
எந்தக் கோப்பு மாறினாலும் ஒரு வரி எழுதிவைக்கும்.

மூன்றுக்கும் பேச்சு வேறு வேறு.
லினக்ஸ் ஒன்றும் விடாது:
திறந்தார்கள், எழுதினார்கள், மூடினார்கள்.
ஆனால் அறைக்கொரு காவல் வைக்கவேணும்,
உள்ளே புதிதாய் ஓர் அறை கட்டினால்
அங்கேயும் போய் வைக்கவேணும்.
மேக் சாடையாகத்தான் சொல்லும்:
அந்தப் பக்கம் என்னவோ நடந்தது, போய்ப் பாருங்கள்.
விண்டோஸ் ஒழுங்காய்ச் சொல்லிக்கொண்டே வரும்,
கோப்புகள் கொட்டத் தொடங்கும்வரை.
மறுகா கையை விரிக்கும்:
நிறைய நடந்துபோயிற்று, கொஞ்சம் தவறவிட்டேன்,
எதை என்று தெரியாது.

ஆகப் பெரிய சிக்கல் இடம் மாறுவதில்.
நகர்ந்த கோப்பை
இங்கே அழிந்தது என்பார்கள்,
அங்கே பிறந்தது என்பார்கள்.
இரண்டும் ஒன்றுதான் என்று கோர்க்க
லினக்ஸ் ஓர் இலக்கம் தரும்.
மற்றதில் நான்தான் ஊகிக்கவேணும்.
நாங்கள் அடிக்கும் அட்டைகளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை:
“வெல்லாவெளியைப் பிறப்பிடமாகவும்
களுதாவளையை வதிவிடமாகவும் கொண்ட”
என்று ஒரே மூச்சில் வாவியைக் கடந்துவிடும் வசனம்.

நேற்று வந்தது
அமரர் மாமாங்கப்போடி சீனித்தம்பியின் முப்பத்தோராம் நாள்.
நானூறு அட்டை, விடிய வேணும்.
பிள்ளைகளில் ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் டோஹாவில்,
ஒருத்தி மட்டும் ஊரில்.
பிழை இருந்தால் நீங்களே திருத்துங்கள் என்று
எழுத்துக் கோப்பை மூவருக்கும் திறந்துவைத்தோம்.

1.52 மாறியது. முப்பத்தொரு பைட் கூட.
2.10 மாறியது. முப்பத்தொரு பைட் குறைவு.
2.14 கூட.
2.15 குறைவு.
3.05க்குக் கரண்ட் போய் வந்தது.
3.09 கூட.
4.40 குறைவு.

என் நிரலில்தான் பிழை என்று நினைத்தேன்.
அதற்கு நேரம் தெரியும், அளவு தெரியும்,
கை யாருடையது என்று தெரியாது.
இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
எல்லாம் அதே:
மருமக்கள், பேரப்பிள்ளைகள், கிரியை நேரம், மதிய போசனம்.
மூன்றாவது மகன் குணசீலனின் பெயருக்கு முன்னால் மட்டும்
ஒரு சொல் வந்து வந்து போகிறது.
காலஞ்சென்ற.
பத்துக் குறி, குறிக்கு மூன்று பைட்,
பிறகு ஓர் இடைவெளி.
எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரி.

தொண்ணூறில் சைக்கிளில் சந்தைக்குப் போனவர்,
யோகசீலி சொன்னாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
அழிந்தது என்று ஒரு வரி வந்ததில்லை.
வேறெங்கோ இருக்கிறது என்றும்
வந்ததில்லை.

ஆறரைக்கு மகள் வந்தார்,
கம்பி முறிந்த பச்சைக் குடையோடு.
மீதிக் காசை நனையாத பக்கமாய் எடுத்து எண்ணிவைத்தார்.
எந்தச் சொல்லைப் பற்றியும் பேசவில்லை.
“கோப்பு இப்ப எப்படி இருக்கோ, அப்படியே அடியுங்கோ.”
இப்ப அது சின்னதாக இருந்தது.
ஷிப்னாஸ் மெஷினை ஓடவிட்டான்.

7.20.
பாதி அட்டை அடித்தாயிற்று.
திரையில் ஒரு வரி:
மாறியது. முப்பத்தொரு பைட் கூட.

அவர் முதல் அட்டையைக் கையில் வைத்து
மை காய ஊதிக்கொண்டிருந்தார்.
நான் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.