இருபத்தேழு, ஜி பிளாக்

எங்கள் வீட்டுக்கு இப்போது கூரை இல்லை.
சுவர் இல்லை, ஜன்னல் இல்லை.
கன்னியப்பன் தினமும் தடுக்கி விழுந்து
தினமும் திட்டிய
அந்த ஒன்பதாவது படியும் இல்லை.
ஆனால் கதவு எண் இருக்கிறது.
வாக்காளர் பட்டியலில்
நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

பதினெட்டு மாதம் என்றார்கள்.
அந்த வாரம் பிறந்த எஸ்தரின் பேரன்
தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்குப் போய்
ரைம்ஸ் சொல்கிறான்.
தகரத் தடுப்புக்கு உள்ளே
முழங்கால் உயரத்துக்குக் கம்பிகள்,
அதற்குமேல் காட்டாமணக்கு.

வெளியேறும்போது கையில் கொடுத்தது
இருபத்தி நாலாயிரம்.
கருணைத்தொகை என்று அதற்குப் பெயர்.
யாருடைய கருணை என்று ரசீதில் போடவில்லை.
ஓட்டேரி நல்லாவுக்கு அந்தப் பக்கம்
ஒற்றை அறை, வாடகை ஆறாயிரத்து ஐநூறு,
அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
தண்ணீருக்குத் தனி, மோட்டாருக்குத் தனி,
நாத்தனார் இரண்டு நாள் தங்கினால் முகம் தனி.
கருணை அட்வான்ஸுக்கே பற்றவில்லை.
கம்மல் போய்ச் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கார சுலோசனா கெட்டவள் இல்லை.
அவள் மகன் வாரத்துக்கு இரண்டு முறை
டயாலிசிஸ் போவது என் வாடகையில்தான்.
‘ஆடி முடிஞ்சா ஐநூறு ஏத்துறேன்’ என்றபோது
அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

போன மாதம் வாரிய அலுவலகம்.
‘ஒதுக்கீட்டு ஆணை யார் பேர்ல?’
மாமனார் பேர்ல. எத்திராஜுலு.
‘அவரை வரச் சொல்லுங்க.’
செத்துட்டாரு சார்.
‘அப்ப வாரிசுச் சான்றிதழ்?’
அதுக்கு முகவரிச் சான்று கேக்குறாங்க.
‘குடுக்க வேண்டியதுதானே?’
முகவரியத்தான் நீங்க இடிச்சிட்டீங்களே.

சிரிக்க ஆரம்பித்தவர்
பாதியில் நிறுத்தி
மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு ஒரு தாளைத் தள்ளினார்:
பயனாளி பங்களிப்பு, ஒன்றரை லட்சம்.
பயனாளி.
பயன் எங்கே என்று தெரியவில்லை,
ஆளி மட்டும் வரிசையில் நிற்கிறாள்,
காலை ஷிப்டை விட்டுவிட்டு.

‘அவசரம்னா பெரும்பாக்கத்துல தர்றோம்.’
பெர்னத்து வாங்கிக்கொண்டாள்.
ஏழாவது மாடி. காற்று நன்றாக வருகிறதாம்.
நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி
கீழ்ப்பாக்கத்தில் நாலு வீடு செய்தாள்,
அப்புறம் இரண்டு வீடு,
அப்புறம் போனில் சொன்னாள்,
‘காத்து மட்டும் நல்லா வருது, தேசம்மா.’

நேற்று கட்சிப் பையன் கூப்பிட்டான்.
அக்கா, பூத் சிலிப் குடுக்கணும், எங்க இருக்கீங்க?
ஜி பிளாக், இருபத்தேழு, மூணாவது மாடி. ஏறி வா.
அக்கா, அங்க ஒண்ணும் இல்லையே.
இருக்கு தம்பி. உன் லிஸ்ட்டப் பாரு.

சாயங்காலம் போனேன்.
நான் மட்டும்தான் இப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.
தகரத் தடுப்பின் முன்னால்
மாதவரத்திலிருந்து, மணலியிலிருந்து,
பெரும்பாக்கத்திலிருந்துகூட
பிளாக் முழுக்க வந்து நின்றது.
பையன் கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து
கதவு எண்ணைக் கூப்பிட்டான்.
ஒன்று. இருக்கேன்.
இரண்டு. இதோ.
பத்தொன்பதில் யாரோ விசிலடித்தார்கள்.
மாடி மாடியாகக் கட்டடம் எழும்பியது,
சிமெண்ட் இல்லாமல், டெண்டர் இல்லாமல்.

இருபத்தேழில் என் குரல்
எனக்கே கொஞ்சம் உயரத்திலிருந்து கேட்டது.

முப்பத்தொன்று, கன்னியப்பன்.
யாரும் பேசவில்லை.
மணலியில் ஒரு வாடகை அறையில்
தையிலேயே முடிந்துபோனார்,
பட்டியலுக்கு இன்னும் தெரியாது.
முப்பத்தொன்று, என்றான் மறுபடி.

எஸ்தர்தான் சொன்னாள்:
‘படியேறி வந்துகிட்டிருக்காரு.
செத்த நேரம் பொறு.’