நடுப்பாலம்

ஏழு ஐம்பது.
பினாங்குப் பாலத்தின் நடு மேட்டில்
ஊசி சிவப்பைத் தொட்டது.
ஓரம் கட்டினேன்.

இரண்டு பக்கமும் கடல்.
பின்னால் தொட்டியில் முந்நூறு லிட்டர் தண்ணீர்.
ரேடியேட்டருக்கு மட்டும் நா வறண்டிருக்கிறது.

"மூடியத் தொடாத, ஆறட்டும்" என்கிறாள் குணவதி,
போன மாதம் வெந்த முழங்கையைத் தடவியபடி.
லாரி ஒன்று கடக்க
வேனோடு நாங்களும் ஆடுகிறோம்.

ஒன்பதுக்கு தஞ்சோங் தோக்கோங்கில்
ஒரு வெள்ளை சோபா.
பூனை மூத்திரம், மூன்று இருக்கை, நூற்றிருபது வெள்ளி.
எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறது போன்.
பக்கத்தில்தான் என்று அடித்தேன்.
அழித்தேன்.
நீந்தத் தெரிந்தால் பக்கம்தான்.

வாட்டர் பம்ப் இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று
ஜெலுத்தோங் பட்டறையில் ஆ ஹோக் சொன்னான்.
எட்டாகிறது.
அவன் வாக்குத் தவறவில்லை.
இரண்டு மாதம் கடனாக ஓட்டியது நான்.
அந்தப் பணத்தில்தான்
புது வேக்குவம் வாங்கினோம், தவணையில்.

ஆவி அடங்கவில்லை.
சும்மா நிற்கத் தெரியாதவள் குணவதி.
துணியை நனைத்து
வேனின் விலாவில் உப்புப் படிந்த எழுத்தைத்
தேய்த்துத் துடைக்கிறாள்:
சொன்ன நேரத்துக்கு வருவோம்.

இப்போது பளிச்சென்று தெரிகிறது,
எங்களைக் கடந்து போகிற
எல்லோருக்கும்.