இடது அ, வலது ஆ

வெயிலில் வந்த கையை உடனே அளக்கமாட்டார்கள்.
இருபது நிமிடம் ஏசி அறையில்
சும்மா உட்கார வேண்டும்.
"தோல் வெளியை மறக்கணும்மா" என்பாள் ஹசீனா.
கோரிப்பாளையம் சிக்னலில்
ஷேர் ஆட்டோவுக்குள் வெந்த சித்திரையை
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
சுருக்கம் சுருக்கமாக மறந்துகொண்டிருப்பேன்.

நான் பதினேழாம் எண்.
பெயரை எழுதி வாங்கி
உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள்.
வயது அறுபத்து நாலு. வறண்ட தோல்,
பட்டால் சிவக்கிற ரகம்.
மின்வாரியக் கவுண்டரில் முப்பத்தோரு வருடம்
பணம் எண்ணி ரசீது கிழித்த கை
என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

முதல் வாரம் எதுவும் தொடக் கூடாது.
தேங்காயெண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது,
மருமகள் வாங்கித் தந்த ரோஸ் டப்பா
கூடவே கூடாது.
எங்கள் தெரு போர் தண்ணீர்
குடத்தில் படிகிற மாதிரி
என் மேலும் படிந்தது.
ராத்திரி சொறிந்ததெல்லாம் காலையில்
சிலேட்டில் கிழித்த கோடாக நின்றது.

பிறகு கன்னத்தில் ஒரு துளி விட்டார்கள்.
எரியுதா? பூஜ்ஜியத்திலிருந்து மூணு வரைக்கும்
ஒரு நம்பர் சொல்லுங்க.

குக்கர் ஆவி அடித்தபோதும்
கருப்பையை எடுத்துவிட்டு வந்தபோதும்
"பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
அது எந்த நம்பர்?
ஒன்று என்றேன்.
மிளகாய்ப்பழமாகச் சிவந்த கன்னத்தைப் பார்த்து
ஹசீனா பேனாவை மூடினாள்.
"தாங்குவீங்களான்னு கேக்கலம்மா. கணக்குக்குக் கேக்குறேன்."
கணக்கு என்றால் எனக்குப் பொய் வராது.
மூன்று.

இரண்டு டியூப். இரண்டும் வெள்ளை,
இரண்டுக்கும் வாசமில்லை.
இடது கைக்கு அ, வலது கைக்கு ஆ.
ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் பசை.
எதில் எது என்று எனக்கும் தெரியாது,
அவளுக்கும் தெரியாது.
ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை பிதுக்கி
காலையும் இரவும்.

முதல் நாள்: இடது இருபத்து நாலு, வலது இருபத்தைந்து.
நாலாம் வாரம்: இடது நாற்பத்தொன்று, வலது முப்பத்து மூன்று.

வளையலை இடது கைக்கு மாற்றிப் போட்டேன்.
பக்கத்து வீட்டில் காப்பி வாங்கும்போதும்
இடது கை முந்தியது; அவர்கள் முகம் சுளித்தார்கள்.
கூட்டிக் கழித்து, மாவு பிசைந்து,
கையெழுத்துப் போட்டதெல்லாம் வலதுதான்.
அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆறாம் வாரம் டியூப்களைத் தராசில் வைத்தாள்.
இரண்டிலும் இருபது கிராம் துண்டு விழுந்தது.
"கூடப் பூசுறீங்களாம்மா?"
கவுண்டரில் பத்து ரூபாய் இடித்த நாள் மாதிரி
வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

அன்றிரவு படுத்தபின்தான் உறைத்தது.
பல வருடமாகப் போர்வையில் சரக்கென்று மாட்டி
நூலிழுக்கும் சோலைமலையின் குதிகால்
கொஞ்ச நாளாகச் சத்தமே போடவில்லை.
விளக்கைப் போட்டேன்.
மனுசன் காலை மடக்கிக்கொண்டார்.
"வலது குதிகாலுக்கு அ, இடதுக்கு ஆ.
ஒன்ன மாதிரியே மாத்தாமத்தான் பூசுனேன்."
"எது நல்லது?"
"ரெண்டும் ஒண்ணுதான்."

என் நாற்பத்தொன்றையும் முப்பத்து மூன்றையும்
நினைத்தபடி
விடியும்வரை இரண்டு கையையும் மாறி மாறித் தடவினேன்.

ஹசீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில்
பொடி எழுத்தில் ரொம்ப நேரம் எழுதினாள்.
உறை பிரிக்க இன்னும் மூன்று மாதமாம்.
கடிதம் வருமாம்.
பிறகு வாசலில் செருப்போடு நின்றவரை
உள்ளே கூப்பிட்டாள்.
எண் இல்லாத ஆள்
இருபது நிமிடம் ஏசியில் உட்கார்ந்து
குதிகாலுக்கு வெயிலை மறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவியை வைத்தாள். படித்தாள். எழுதவில்லை.

திரும்பும் ஆட்டோவில்
பூக்கூடைக்காரம்மாவிடம், டிரைவரிடம்,
தமுக்கத்தில் ஏறிய காலேஜ் பையனிடம்
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்:
"இருபத்தொம்பது."