இரண்டு தரம்

லண்டனுக்குள் மிச்சம் என்றொரு ஊர்.
பலசரக்குக் கடைக்குக் கீழே வானொலி நிலையம்.
ஞாயிறு ஏழுமணி நாடகத்தில்
பதினாலு வயதுக் குழப்படிக்காரனுக்குக்
குரல் கொடுப்பவர் இரவு பஸ் ஓட்டும் சிவபாதம்,
வயது ஐம்பத்தொன்று, மூட்டுவலி.
அவர் ‘ஐயோ அம்மா’ என்றதும்
சட்டிமூடியைக் கீழே போடுவது என் வேலை.

கதை எழுதுவதும் நான்தான்.
கிழிந்த காற்சட்டை, பூட்டுப்பட்ட கழிவறை,
பஸ்ஸில் மறந்த வயலின்.
எல்லாம் வீட்டிலிருந்தே களவெடுத்தது,
மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது
என்ற துணிவில்.

இந்தக் கிழமை, மைக் முன்னால்
தாளைத் திருப்பினால்
ஓரத்தில் பென்சில், கோணல் எழுத்து, ழகரம் பிழை:
‘அம்மா, ரெண்டு தரம் விளுந்தனான்.’

சிவபாதம் கத்தினார்.
மூடியைப் போட்டேன்.
எடுத்தேன்.
திரும்பப் போட்டேன்.