கச்சானுக்குக் கத்தும்

வந்த முதல் கிழமையே எரித்துப்போட்டாள்.
நூறு வோல்ட்டுக்குப் பிறந்த கடைசல் மோட்டார்
எங்கள் இருநூற்று முப்பதைக் குடித்து
இரண்டு மூச்சு வெறிபிடித்துச் சுழன்று
கருகல் மணத்தோடு அடங்கியது.
ரெஜிபோம் மீன்பெட்டியில் வைத்து
ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

மடத்தடியில் என் கடை. மோட்டார் சுற்றுகிறவன்.
தண்ணீர்ப் பம்பு, மா மில், ஐஸ் தொழிற்சாலை,
செம்புக்கம்பிக்கு எல்லாம் ஒன்றுதான்.
பெயர் கேட்டாள். காந்தன் என்றேன்.
கைபேசியில் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"காந்தம்! மோட்டாருக்குள்ளே இருக்கிறது!"
சரிதான் என்றேன்.
கணவன் என்றும் ஒரு பொருள் உண்டு,
அதை நான் சொல்லவில்லை.

அவள் பெயர் சிகுசா.
உப்புவெளியில் வாடகை வீடு, பின்னால் தகரக் கொட்டில்.
கடலுக்காக வரவில்லையாம்.
அவளுடையது வெந்நீரூற்று உள்ள ஊர்.
குளிக்க வருகிறவர்கள் திரும்பும்போது
கையில்லாத, காலில்லாத,
தலையும் உடம்புமான ஒரு மரப்பொம்மையை
வாங்கிக்கொண்டு போவார்களாம்.
கன்னியாவுக்குப் போய்
ஏழு கிணற்றிலும் விரல் விட்டுப் பார்த்தாள்.
"எங்களுடையதில் முட்டை அவியும்."
எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

சுருள் மாற்றிப் பூட்டிக் கொடுத்த அன்று
போக மனமில்லாமல் நின்று பார்த்தேன்.
சவண்டலைக் கட்டையைச் சுத்தியலால் அடித்து
முகப்பில் இறுக்கினாள்.
உளி அவளே அடித்தது, பழைய லொறி வில்லுத் தகடு.
சீவல் அவள் முழங்கை வழியே ஓடி
மடியில் குவிந்தது.
உடம்பு முடிந்தது. தலை தனியே.

பிறகுதான் அந்த வேலை:
உடம்பு சுழலச் சுழல,
தலையைக் கையில் பிடித்துக்
கழுத்துக் குழிக்கு நேரே அழுத்தினாள்.
ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவது போல.
மெல்லிய புகை. மரம் மரத்தைக் கடித்தது.
டக்.
பசை இல்லை, ஆணி இல்லை.
திருப்பினாள். கீச் என்றது.
"அழவேணும்," என்றாள், கற்ற தமிழில்.
"அழாட்டில் விக்கேலாது."

முகம் கடைசியில், மூச்சை அடக்கிக்கொண்டு.
அந்த நேரம் நான் தும்மலைக்கூட விழுங்கினேன்.
உடம்பில் பூ வரையவில்லை. மான்புள்ளி வைத்தாள்.
பஸ் நிலையத்தில் மட்டைப்பெட்டி தின்கிற
நம்முடைய மான்களின் புள்ளி.
ஒசாகாக் கடைக்காரன் எழுதினான்:
புள்ளி வேண்டாம், பூ வேண்டும்.
வாடகைக்கு இருபது பூ அனுப்பினாள்.
மிச்சமெல்லாம் புள்ளி.

மாரி பிடித்தது.
காயாத கட்டையில் மை ஊறிப் பரவி
முப்பத்தொரு முகத்திலும் கண் கரைந்து ஓடிற்று.
ஏதாவது சொல்லவேண்டுமே என்று
இதுவும் அழகுதான் என்றேன்.
"அது நான் கீறின கண் இல்லை."
அள்ளிக்கொண்டுபோய் உலையில் கொட்டினாள்.
அந்த நெருப்பில்தான்
அடுத்த உளி சிவந்தது.

முப்பதைத்தான் கொட்டினாள்.
ஒன்று என் சட்டைக்குள் இருந்தது.

கடை மேசையில், கம்பி உருளைகளுக்கு நடுவே வைத்தேன்.
மாசி வரைக்கும் தலை அசையவில்லை.
ஈரம் குடித்து வீங்கி
எந்தப் பக்கமும் பார்க்கமாட்டேன் என்று நின்றது.

வைகாசியில் கச்சான் கிளம்பியது.
பெயர்ப்பலகை படபடக்க, உதடு வெடிக்க,
வீதிப் புழுதி முழுவதும் என் கடைக்குள்.
அப்போது ஃபியூஸ் கேட்டு வந்தாள்.
மேசையைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
கரைந்த கண்ணோடு நின்றதை எடுத்துக்
கழுத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

கீச்.

மற்றப் பக்கம். கீச்.
காதருகே வைத்து இன்னொரு தடவை.
பிறகு
விலை சொன்னாள்.
ஃபியூஸ் காசைக் கழித்துக்கொண்டு
மீதியைக் கொடுத்தேன்.