முன்னாள்

வாரம் ஒரு தாள், முன்னும் பின்னும்.
எட்டாவது கிராஸ் சேதி என்று பெயர்.
பாதி தமிழ், பாதி கன்னடம்,
மூலையில் வாடகைப் பாத்திர விளம்பரம்.
எழுதுகிறவன், அச்சுக்குக் கொடுக்கிறவன்,
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறவன்
எல்லாம் நான்தான்.

ஐந்து வருஷம் ஒரே படம் போட்டேன்:
பூமி பூஜை, கடப்பாறை, ஆரோக்கியநாதன்.
வார்டு பெண்களுக்கு என்று ஆனதால்
ஜெயித்தது அவர் மனைவி அமலோற்பவம்.
படத்தின் இடது ஓரம் கொஞ்சம் முந்தானை தெரியும்.
இடம் போதாவிட்டால்
அதைத்தான் முதலில் வெட்டுவேன்.
கையெழுத்து வேண்டுமென்றால்
அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.
மனுக்கள் ஒரு ஓரம் ஈரமாகவே திரும்பி வரும்.

பதவிக்காலம் முடிந்தது.
தேர்தல் வரவில்லை.
அடுத்த வருஷமும் வரவில்லை.
வார்டைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், பிரித்தார்கள்.
ஒற்றைப்படை வீடுகள் இங்கே, இரட்டைப்படை அங்கே.
நடுவில் ஓடும் சாக்கடை
எந்த வரைபடத்திலும் ஓடவில்லை.
ஆரோக்கியநாதன் ஹொஸ்கோட்டையில்
மனை விற்கப் போனார்.
பழைய போன் வீட்டில் கிடந்தது.
ஜனங்களிடம் இருந்தது அந்த நம்பர்தான்.

அடித்தது, ராத்திரி பதினொன்றரைக்கு.
மாவு மில் சந்தில் சாக்கடை வீட்டுக்குள்.
அவர் ஊரில் இல்லை என்று வைத்திருக்கலாம்.
"எத்தனாவது படி வரைக்கும் ஏறியிருக்கு?"
என்று கேட்டதாம் அந்தம்மா.

மறுநாள் வார்டு ஆபீசில் இஞ்சினியர்
தலை நிமிராமல் "நாளெ பன்னி" என்றார்.
நாளைக்கு வாங்க என்று அர்த்தம்,
நம் காதில் வேறு மாதிரி விழும்.
"பன்னி நேத்தே வந்துடுச்சு சார்,
குப்பைமேட்டுல நாலு நிக்குது.
நீங்க எப்ப வர்றீங்க?"
இஞ்சினியர் கோலார்க்காரர். தமிழ் புரியும்.
சிரித்துவிட்டார்.
சிரித்த வாயால் அப்புறம்
முடியாது என்று சொல்ல வரவில்லை.

மகனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில்
மிச்சப் பக்கங்களில் எழுதி வைக்கிறது:
பதினாலாம் கம்பம், லைட் இல்லை, மூணு தடவை சொல்லியாச்சு.
நாய்க்கு ஊசி போட ஆள் வந்தாங்க, நாய் இல்லை.
வால்வு திறக்கிற சித்தலிங்கனுக்கு மாமியார் தவறிட்டாங்க,
செவ்வாய் வரை போன் பண்ண வேண்டாம்.

எல்லாம் நடந்துவிடவில்லை.
ராஜகால்வாய்ச் சுவர் பாதியில் நிற்கிறது,
கம்பிகளில் யாரோ துணி காயப்போடுகிறார்கள்.
போன மழையில் செல்வினின் ஆட்டோ
போனது போனதுதான்.
லெட்டர்பேட் கிடையாது, சீல் கிடையாது.
"நீங்க யாரு" என்று கேட்கும் புது அதிகாரிக்கு
என்ன சொல்வதென்று
படிக்கட்டில் நின்று முணுமுணுத்துப் பார்த்ததை
நான் கேட்டேன்.
ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவன் நான்.

போன வாரம் படம் போட்டேன், வெட்டாமல்.
கீழே முன்னாள் கவுன்சிலர் என்று எழுதிக் கொடுத்தேன்.
டைப் அடித்த பையன் ஒரு இடைவெளி விட்டிருந்தான்:
முன் ஆள்.
திருத்தப் போன பேனா
அங்கேயே நின்றது. டீ ஆறியது.
அப்படியே அச்சுக்கு விட்டேன்.

முதலில் ஹொஸ்கோட்டையிலிருந்து போன்,
தமிழே தெரியாதா உனக்கு என்று.
அடுத்து அந்தம்மா.
படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
"பின்பக்கம் தண்ணி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கீங்க.
வியாழன்தான். அதை விட்டா திங்கள்.
ஜனங்க தூங்கிடுவாங்க."

மறு அச்சுக்கு நேரமில்லை.
கரித்துண்டு எடுத்துக்கொண்டு போய்
பால் பூத் சுவரில் பெரிசாக எழுதினேன்:
திருத்தம். தண்ணி வியாழன், காலை நாலரை.

விடிந்து பார்த்தால் அதற்குக் கீழே
வேறு யாரோ, சாக்பீஸில்:
நாலு ஐம்பதுக்குத்தான் வந்தது.